காலையா, சாயங்காலமா, இல்ல லீவ் போட்டு லேக் டிஸ்ட்ரிக்ட்டா? வேலைக்கு நடுவுல லேண்ட்ஸ்கேப் எடுக்குறவங்களுக்கு ஒரு அலசல்

முழுநேர வேலையும் பாக்கணும், இங்கிலாந்து கிராமப்புறத்தை ஒழுங்கா படம் எடுக்கவும் செய்யணும்னா நம்ம முன்னாடி மூணு வழி இருக்கு. வேலைக்குப் போறதுக்கு முன்னாடி விடியக்காலைல மலைக்கு ஓடுறது, வேலை முடிஞ்சு சாயங்காலம் போறது, இல்ல இது ரெண்டையும் விட்டுட்டு மாசத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி வடமேற்கு இங்கிலாந்துல ஏரியும் மலையுமா இருக்குற லேக் டிஸ்ட்ரிக்ட் மாதிரி பேர் பெத்த இடத்துக்குப் போயிட்டு வர்றது. நான் ஷெஃபீல்டுல இருந்து சொல்றேன். இந்த ஊர் எல்லைக்குள்ளயே கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுல வருது, அதனால முதல் ரெண்டு வழியும் எனக்கு சுலபம். சென்ட்ரல் லண்டன்ல இருக்குறவங்களுக்கு கணக்கே வேற, ஆனா மான்செஸ்டர், லீட்ஸ், மால்வெர்ன் மலை பக்கத்துல வொர்ஸ்டர்னு இருக்குறவங்க இடத்தோட பேரை மட்டும் மாத்திக்கிட்டு இதைப் படிக்கலாம்.

காலை நல்லதா சாயங்காலம் நல்லதான்னு கேட்டா, எந்த மாசம்னுதான் நான் திருப்பிக் கேப்பேன். ஊர்ல வருஷம் பூரா ஆறு மணியை ஒட்டியே விடிஞ்சு பழகினவங்களுக்கு இது முதல்ல பிடிபடாது, ஆனா இங்க 53 டிகிரி வடக்குல ஜூன் கடைசில சூரியன் காலைல 4:40 வாக்குல உதிச்சு ராத்திரி 9:40க்குதான் மறையுது, டிசம்பர் கடைசிலயோ 8:20க்கு உதிச்சு மதியம் 3:50க்கெல்லாம் போயிடும். அப்போ ஜூன்ல சூரிய உதயம் எடுக்கணும்னா ராத்திரி மூணு மணிக்கு எந்திரிக்கணும், அதுக்கப்புறம் முழு நாள் வேலை பாக்கணும், கார் ஓட்டணும். இதை யாருக்கும் நான் சொல்லவே மாட்டேன், தூக்கக் கலக்கத்துல வளைவு நெளிவான மலை ரோட்டுல ஓட்டுறது ஆபத்து. அதே ஜூன் சாயங்காலத்தைப் பாருங்க, அஞ்சரைக்கு வேலை முடிச்சு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, நிதானமா கிளம்புனாகூட எட்டு மணிக்கு மலை மேல நிக்கலாம், நல்ல வெளிச்சமே அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

சாயங்காலத்துக்கு என் ஓட்டு ஸ்டானேஜ் எட்ஜுக்கு. பீக் டிஸ்ட்ரிக்ட்ல மைல் கணக்குல நீளுற கிரிட்ஸ்டோன் (சொரசொரப்பான மணற்கல்) பாறை விளிம்பு, மேற்கு தென்மேற்கைப் பாத்து நிக்குது, அதனால சாயுற வெயில் பாறை முகத்துல நேரா விழும், சாம்பல் நிறமா இருந்த கல்லு கடைசி இருபது நிமிஷத்துல தேன் நிறத்துக்கு மாறிடும். கார் பார்க்ல இருந்து விளிம்புக்கு ஏற ரொம்ப நேரம் ஆகாது, கீழ அங்கங்க பழைய திருகைக்கல்லுங்க வட்டம் வட்டமா செதுக்குன மாதிரியே கிடக்கு, விலை போகாம அப்படியே விட்டுட்டுப் போனது, அதுல ஒரு கல்லு தேசியப் பூங்காவோட சின்னமாவே ஆயிடுச்சு. முன்னாடி திருகைக்கல்லு, பின்னாடி ஹோப் பள்ளத்தாக்குன்னு வச்சு எல்லாரும் எடுப்பாங்க, எடுக்கட்டும். நான் கல்லு கிட்டயே குனிஞ்சு உளி பட்ட தடத்துக்குள்ள பாசி வளந்திருக்குறதைப் பக்கவாட்டு வெயில்ல எடுப்பேன், அந்தத் தடம் ஒவ்வொண்ணும் தனித்தனியா நிழல் போட்டுக்கிட்டு நிக்கும், மத்தியானம் பாத்தா இது எதுவுமே தெரியாது. ஆகஸ்ட் நடுவுல ஹெதர்ங்குற குட்டைச் செடி பூத்து மேட்டு நிலம் முழுக்க ஊதா ஆயிடும், அப்போ சூரியன் மறையுறது எட்டரை வாக்குல, வேலைக்குப் போறவங்களுக்குன்னே அமைஞ்ச நேரம். இதோட குறை என்னன்னா கூட்டம், பாறை ஏறுறவங்களும் நடக்க வர்றவங்களும் நிறைய பேர், காத்தும் அதிகம், ஹெதர் ஆடாம நிக்குற வரைக்கும் காத்திருந்துதான் எடுக்கணும்.

ஆனா அக்டோபர் வந்துட்டா ஆட்டம் மாறிடும். அந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கிறாங்க இல்லையா, அதுக்கு முந்தின நாள் கிட்டத்தட்ட எட்டு மணிக்கு உதிச்ச சூரியன் மறுநாள் ஏழு மணி வாக்குல உதிக்கும். அதுல இருந்து நவம்பர் நடு வரைக்கும் உதயம் ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவுல, இலை நிறம் மாறி உதிர்ற சமயமும் அதுதான், பள்ளத்தாக்குல மூடுபனி தேங்குற சமயமும் அதுதான். ஒன்பதரை, பத்து மணிக்கு வேலை ஆரம்பிக்கிறவங்களுக்கு வருஷத்துலயே இதை விட நல்ல வாரங்கள் கிடையாது. சாயங்காலமோ நாலரைக்கே இருட்டிடும், நீங்க ஆபீஸ் ஜன்னல் வழியாதான் பாப்பீங்க.

காலைக்கு ஹோப் பள்ளத்தாக்கு மேல இருக்குற மாம் டோர் மலை. 517 மீட்டர், கார் பார்க்ல இருந்து உச்சி வரைக்கும் படிக்கட்டும் கல்லு பாவின பாதையுமா இருக்கு, ஹெட்டார்ச் இருந்தா இருட்டுல ஏறிடலாம். அங்க இருந்து லோஸ் ஹில்ங்குற அடுத்த மலையை நோக்கி மலை முதுகு வடகிழக்கா நீளும், நவம்பர்ல சூரியன் தென்கிழக்குல வர்றதால அந்த முதுகு மேல வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்து ஒவ்வொரு மடிப்பும் தனியாத் தெரியும். கீழ பள்ளத்தாக்கு முழுக்க பனி நிரம்பிக் கிடக்கும், அதுக்குள்ள இருந்து ஹோப் சிமெண்ட் ஆலையோட புகைபோக்கி மட்டும் தலையை நீட்டிக்கிட்டு நிக்கும். நிறைய பேர் அந்தப் புகைபோக்கியை எடிட்டிங்ல அழிச்சுடுறாங்க. எனக்கு அதுல துளியும் உடன்பாடு இல்ல, 1929ல இருந்து அந்த ஆலை அங்க இருக்கு, சுத்து வட்டார ஜனங்க அங்க வேலை பாத்துதான் குடும்பம் நடத்துறாங்க, அதைத் தூக்கிட்டு எடுத்தா அது ஹோப் பள்ளத்தாக்கே இல்ல.

மூடுபனி கிடைக்குமான்னு முந்தின ராத்திரியே ஓரளவு கணிக்கலாம். மழை பெஞ்சு நிலம் ஈரமா இருக்கணும், ராத்திரி வானம் தெளிவா இருக்கணும், காத்து இருக்கவே கூடாது, மெட் ஆபீஸ் (இங்க வானிலைத் துறை) ஆப்ல ஈரப்பதம் நூறை நெருங்கணும், இது நாலும் சேர்ந்தா அலாரம் வச்சுடுவேன். அப்பவும் சில நாள் பனி உச்சிக்கும் மேல ஏறி நம்மளையே மூடிடும், ஒண்ணுமே தெரியாது. பக்கத்து ஊர்க்காரனுக்கு இங்கதான் லாபம், உடனே இறங்கி கிரிண்டில்ஃபோர்ட் பக்கம் போல்ஹில் பழைய குவாரிக்குப் போயிட்டா வெள்ளைத் தண்டு பிர்ச் மரங்க பனிக்குள்ள வரிசை வரிசையா மங்கிக்கிட்டே போகும், மலை உச்சிக்குக் கெட்ட வானிலை காட்டுக்கு நல்ல வானிலை.

மதிய இடைவேளையையும் ஒரு வழியாச் சிலர் சொல்றாங்க. வெயில் நாள்ல வேஸ்ட், மேகம் மூடின நாள்ல பேட்லி கோர்ஜ் ஓடைக்குப் போனா பாசி படிஞ்ச கல்லும் தண்ணியும் நல்லா வரும், தண்ணி மேல பளபளப்பைக் குறைக்கிற ஒரு போலரைசர் ஃபில்டர் போதும். மாம் டோர் அடிவாரத்துல காசில்டன் ஊர்ப் பக்கம் மண்சரிவுல உடைஞ்சு 1979ல நிரந்தரமா மூடுன பழைய ரோடும் அப்படித்தான், தார் அடுக்கு அடுக்கா பிளந்து நடு ரோட்டுக் கோடு பாதில முறிஞ்சு கிடக்கும்.

இப்ப மூணாவது வழி. லேக் டிஸ்ட்ரிக்ட்டை நான் குறைச்சு சொல்ல மாட்டேன், இங்கிலாந்துல மலையோட கம்பீரம்னா அதுதான், டெர்வென்ட்வாட்டர் ஏரில காத்து நின்ன காலைல மலை தலைகீழா தண்ணில தெரியுறது பீக் டிஸ்ட்ரிக்ட்ல எங்கயும் கிடைக்காது. ஆனா எனக்கு அந்த ஏரிக்கரை ஊரான கெஸ்விக் போக ரெண்டரை மூணு மணி நேரம், திரும்பி வர அதே அளவு, அதுக்கு மேல மழை. பக்கத்துல பாரோடேல் பள்ளத்தாக்குல இருக்குற சீத்வெயிட்தான் இங்கிலாந்துல மக்கள் குடியிருக்குற இடங்கள்லயே அதிக மழை பெய்யுற இடம், வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல. மாசத்துல ஒரே ஒரு நாளை முன்கூட்டியே குறிச்சு வச்சுட்டு அந்த ஊருக்குப் போனா, வானத்தை நீங்க தேர்ந்தெடுக்க முடியாது, கிடைச்சதை எடுத்துட்டு வரணும். பக்கத்துல இருக்குற மலைன்னா நல்ல நாளைப் பாத்து நம்ம போறோம். அதனால லேக்ஸுக்குப் போறதா இருந்தா ரெண்டு ராத்திரி தங்குற மாதிரி, வார நாள்ல, குளிர்காலத்துல போங்க, ஒரு நாள் ஓட்டத்துக்கு அது சரிப்படாது.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனா அலுக்காதான்னு கேக்குறவங்களுக்கு போட்டோகிராஃபர் ஜேம்ஸ் ரவீலியஸ் படங்களைக் காட்டுவேன். 1972ல ஆரம்பிச்சு 17 வருஷம் வடக்கு டெவன்ல ஒரு சின்ன வட்டாரத்தையே சுத்திச் சுத்தி எடுத்தார், 70,000க்கு மேல படம், பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அவருக்கு அதுவே வேலை, நமக்கு அப்படி இல்லதான், ஆனாலும் ஒரு வேலியோரம், ஒரு ஆட்டு மந்தைன்னு அவ்வளவு நெருக்கமா எடுக்க அந்த மண்ணுல கிடந்து பழகினதுதான் காரணம்.

காரா ரயிலான்னா, உதயத்துக்கு கார், அஸ்தமனத்துக்கு ரயிலும் ஓகே. ஷெஃபீல்டு மான்செஸ்டர் லைன்ல கிரிண்டில்ஃபோர்ட், ஹேதர்சேஜ், ஈடேல்னு ஸ்டேஷன் வரிசையா இருக்கு, ஹேதர்சேஜ்ல இறங்கி ஸ்டானேஜுக்கு நடந்துடலாம், ஆனா கடைசி ரயில் நேரத்தைப் பாத்துட்டுக் கிளம்புங்க.

லென்ஸ்ல எனக்கு சந்தேகமே இல்ல, வைட் ஆங்கிளை விட 70-200 மாதிரி டெலி ஜூம்தான் இந்த நிலத்துக்கு. இங்கிலாந்து மலைங்க உயரம் கம்மி, வைட்ல எடுத்தா தட்டையாகி தூரத்துல ஒரு கோடா போயிடும், டெலில கல் சுவரு, கொட்டகை, அடுத்தடுத்த மலை வரிசை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கும். ஒரு லென்ஸ், லேசான ட்ரைபாட், துடைக்க ரெண்டு துணி, பூட்ஸ், இதை கார் டிக்கிலயே வச்சிருந்தா போதும். ட்ரோனை வீட்டுலயே வச்சுடுங்க, மாம் டோர் நேஷனல் ட்ரஸ்ட்ங்குற பாதுகாப்பு அறக்கட்டளையோட நிலம், அனுமதி இல்லாம அங்க பறக்க விடக்கூடாது.

ஆக என் வரிசை இதுதான்: மே முதல் ஆகஸ்ட் வரைக்கும் ஸ்டானேஜ் சாயங்காலம், அக்டோபர் கடைசில இருந்து நவம்பர் நடு வரைக்கும் மாம் டோர் காலை, லேக்ஸ் குளிர்காலத்துல ஒரே ஒரு தடவை. லீவ் நாள் கையில கம்மியா இருந்தா அதை லேக்ஸுக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி உங்க மேனேஜர்கிட்ட ஒண்ணு கேட்டுப் பாருங்க, நவம்பர் முதல் ரெண்டு வாரம் மட்டும் பத்து மணிக்கு வந்து ஆறு மணி வரைக்கும் இருக்கேன்னு.