வீட்டு மியூசிக் சர்வருக்கு எந்த டிரைவ்? சில வருஷம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மியூசிக் சர்வருக்கு, அதாவது வீட்டுப் பாட்டையெல்லாம் சேமித்து வைத்து ஓடவிடும் கணினிக்கு, டிரைவ் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வேகத்தைத்தான். பாட்டுக்கு அது பெரிதாகத் தேவையே இல்லை. சிடி தரத்து ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட், அதாவது 0.18 மெகாபைட் கூட இல்லை. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பதிவைச் சுருக்காமல் ஓடவிட்டாலும் நொடிக்கு 1.2 மெகாபைட்டுக்குள் முடிந்துவிடும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கே இதைப்போல நூறு மடங்கு வேகத்தில் படிக்கும். அதனால் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகக் கணக்கை விட்டுவிடுங்கள். சத்தம், சூடு, டிரைவ் செத்தால் பாட்டு என்ன ஆகும் என்ற மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

என் வீடு திருச்சியில். கூடத்தில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே ஒரு ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவுக் கணினி), அதில் லிரியன் மியூசிக் சர்வர் என்ற மென்பொருள். முன்பு லாஜிடெக் மீடியா சர்வர் என்ற பெயரில் இருந்ததே, அதுதான். சேகரிப்பில் பாதி, நானே ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலி வடிவம்) கோப்புகளாக மாற்றிய சிடிகள். மீதி, அப்பா வருஷக்கணக்கில் வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்து வைத்த கச்சேரிகள். சிடி எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கிடைக்கும். அந்தக் கேசட்டுகளில் பலவற்றின் நாடா இப்போதே உதிர்கிறது, இன்னொரு தடவை ஓட்ட முடியாது. நான் டிரைவ் தேர்ந்தெடுத்ததெல்லாம் இந்த ஒன்றை நினைத்துத்தான்.

இடம் எவ்வளவு வேண்டும் என்பதில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. ஃபிளாக் ஆக்கினால் ஒரு சிடி 300, 400 எம்பிதான். 1 டிபியில் இரண்டாயிரம் சிடிக்கு மேலேயே அடங்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பிடித்த ஒரு மணி நேரக் கேசட், சுருக்குவதற்கு முன் 1 ஜிபியைத் தொடும். எனக்கு 2 டிபி தாராளம்.

முதலில் ஓடியது 7200 சுற்று வேகமுள்ள 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி பெட்டிக்குள். சினிமாப் பாட்டுக்குக் குறையே தெரியவில்லை. ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குத் தெரு அடங்கினபிறகு ஓர் ஆலாபனை போடுங்கள். பாடகர் மூச்சு வாங்க நிறுத்தி தம்பூரா மட்டும் ஒலிக்கும் இடத்தில், டிஸ்க்கின் முள் நகரும் 'கரக் கரக்' கேட்கும். மர அலமாரி அந்த அதிர்வை வாங்கி ஒரு ரீங்காரமாகவும் ஆக்கிவிடும். அடியில் ரப்பர் வைத்தேன், ரீங்காரம் குறைந்தது, 'கரக்' போகவில்லை. சும்மா இருக்கும்போது டிஸ்க் தூங்கட்டும் என்று அமைத்தால், அடுத்த பாட்டைத் தொட்டதும் அது சுழன்று எழுகிறவரை காத்திருக்க வேண்டும். மே மாத வெயிலில் மூடிய பெட்டிக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டியதையும் பார்த்துவிட்டு அதைக் கூடத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

அதன்பிறகு கூடத்தில் எஸ்எஸ்டிதான், சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ். சத்தமே கிடையாது. லைப்ரரியை ஸ்கேன் செய்வதும் சட்டென்று முடிகிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளில் உள்ள பாடகர், பாட்டுப் பெயர் போன்ற டேக்குகளைத் துண்டு துண்டாகப் படிக்கிற வேலை அது, எஸ்எஸ்டியின் வேகம் பயன்படுகிற ஒரே இடம். எஸ்எஸ்டி போட்டால் ஒலியே துல்லியமாகிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஏற்கவில்லை. கோப்பில் இருக்கும் பிட்டுகள் எதில் வைத்தாலும் அதே பிட்டுகள்தான். மாறுவது அறையின் அமைதி, அதுவே எனக்குப் பெரிய லாபம்.

எஸ்எஸ்டி சிப்பின் ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சியா, நான்கு பிட் வைத்துச் சீக்கிரம் தேயும் க்யூஎல்சியா என்ற வாதத்துக்கும் இங்கே அவ்வளவு மதிப்பில்லை. பாட்டை ஒரு தடவை எழுதுகிறோம், அப்புறம் படித்துக்கொண்டே இருக்கிறோம். க்யூஎல்சி தேய்ந்துபோகும் அளவுக்கு எழுத்து வேலை நடக்காது. ராஸ்பெர்ரி பையில் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். பை 4-இன் யூஎஸ்பி துளைகள் எல்லாம் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். இரண்டு டிரைவ் மாட்டுவதானால் தனி மின்சாரம் உள்ள ஹப் வேண்டும்.

எஸ்எஸ்டியிடம் எனக்குப் பிடிக்காதது அது சாகும் விதம். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் முன்கூட்டியே முனகும். டிரைவ் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197 ஆகிய வரிகளில் (கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய இடங்களின் கணக்கு) எண் ஏற ஆரம்பிக்கும், நமக்கு நாலு நாள் அவகாசம் கிடைக்கும். அங்கே 199 மட்டும் ஏறினால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் கேபிள் கோளாறுதான். என் முதல் எஸ்எஸ்டி எந்த அறிகுறியும் காட்டவில்லை. முந்தின இரவு பாடியது, காலையில் கணினிக்கு அது இருப்பதே தெரியவில்லை. வாரண்டியில் புது டிரைவ் வந்தது. பாட்டெல்லாம் வந்தது பேக்கப்பிலிருந்து.

பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க்தான் என் தேர்வு. விலை குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, எஸ்எஸ்டி மின்னூட்டமாகச் சேமிப்பதால் கரண்ட் இல்லாமல் கிடந்தால் மெல்லக் கசியும், சூடு அதை விரைவாக்கும். எழுதித் தேய்ந்த நிலையில் 30 டிகிரியில் ஒரு வருஷம் தாங்கினால் போதும் என்பதுதான் வீட்டு உபயோக எஸ்எஸ்டிக்கு, சிப் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பு வைத்த அளவுகோல். நம் ஊர்ப் பரண்மேல் போட்டு வைக்கிற பொருளல்ல அது. ஒற்றை பேக்கப் டிஸ்க் எஸ்எம்ஆர் வகையாக (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுவது) இருந்தாலும் பரவாயில்லை, முதல் பிரதி மெதுவாக ஏறும், அவ்வளவுதான். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்பில் போடுவதானால் சிஎம்ஆர் (தடங்கள் படியாத வகை) என்று உறுதிசெய்துகொண்டு வாங்குங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று 2020-இல் வெளியே வந்து பெரிய சர்ச்சையான பிறகுதான், சிஎம்ஆர் டிரைவ்களுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வந்தது.

ஃபிளாக்கில் நான் மிகவும் மதிக்கும் விஷயம் ஒன்று உண்டு. மூல ஒலியின் எம்டி5 கையொப்பம் (ஒலியிலிருந்து கணக்கிட்ட, ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் எண்) கோப்பின் தலைப்பிலேயே பதிந்திருக்கும். ஃபிளாக் நிரலின் சோதனை வசதியை ஓடவிட்டால், ஒவ்வொரு கோப்பையும் முழுக்கப் பிரித்து அந்தக் கையொப்பத்தோடு ஒப்பிடும். அவ்வப்போது இரவில் ஓடவிடுகிறேன். ஒருமுறை ஒரு கேசட் பதிவு தேறவில்லை. பட்டியலில் பெயர் இருந்தது, அளவும் சரியாக இருந்தது, நடுவில் சில நொடி மட்டும் கெட்டிருந்தது. பேக்கப்பில் இருந்த பிரதி தேறியது, அதை எடுத்து மேலே எழுதிவிட்டேன். எம்பி3-இல் இந்த வசதி இல்லை.

இப்போதைய ஏற்பாடு இதுதான்: கூடத்தில் 2 டிபி எஸ்எஸ்டி, பீரோவில் 4 டிபி ஹார்ட் டிஸ்க், அதேபோல இன்னொன்று மதுரையில் அக்கா வீட்டில். பீரோ டிஸ்க்கைப் பிரதி எடுக்கும்போது மட்டும் மாட்டுகிறேன். இடி மின்னலில் மாட்டியிருப்பதெல்லாம் ஒன்றாகப் போகக்கூடும் என்பதால்தான் இது. மதுரை போகும்போது இரண்டையும் மாற்றிக்கொள்கிறோம். அதிக இடம் பிடிக்கும் டிஎஸ்டி ஒலிக் கோப்புகளாகவே சேர்த்து எட்டு பத்து டிபி வைத்திருப்பவர்களுக்கு எஸ்எஸ்டி விலை கட்டாது. அவர்கள் 5400 சுற்று வகை நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) டிரைவ்களை வாங்கி வேறு அறையில் வைத்து, கூடத்துக்கு ஒரு ஈதர்நெட் கேபிள் இழுத்துக்கொள்ளலாம்.