2 டன் செயின் பிளாக்கும் தள்ளு டிராலியும், எட்டு மாதத்துக்குப் பிறகு

கோவை கணபதியில் ஆறு பேர் வேலை பார்க்கிற லேத் பட்டறை நம்முடையது. பம்ப் பாடி, கியர்பாக்ஸ் ஹவுசிங் என்று வார்ப்புகள்தான் அதிகம் வரும், பெரியது 700 கிலோ வரை போகும். இத்தனை வருடம் நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்பித்தான் மிஷினில் ஏற்றினோம். ஒருத்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கையால் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்குகிற 2 டன் செயின் பிளாக், கூடவே அதைத் தொங்கவிட்டு மேலே இரும்புப் பீமில் தள்ளிக்கொண்டு போக ஒரு தள்ளு டிராலி வாங்கினேன். திட்டவும் போகிறேன் என்பதால் கம்பெனி பெயர் வேண்டாம்.

பிளாக் அருமை. ஐஎஸ் 3832 (இந்த மாதிரி பிளாக்குக்கான இந்தியத் தர எண்) என்று பட்டையிலேயே இருக்கிறது, 3 டன் வைத்துச் சோதித்ததற்கு அதே சீரியல் நம்பர் போட்ட சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள். (சர்டிபிகேட் இல்லாமல் பாதி விலைக்கு ஒன்று காட்டினார்கள், தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.) தூக்கும்போது டக் டக் என்று ராட்செட் (லோடு திரும்ப இறங்காமல் பிடிக்கிற பல்சக்கரம்) சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லையா, அப்படியே நிறுத்திவிடுங்கள். ஹெல்பர் பையன் நல்ல எண்ணத்தில் பிரேக் கவரைக் கழற்றி எண்ணெய் விடப் போனான், ஓடிப்போய் கையைப் பிடித்தேன். எண்ணெய், பாரம் தொங்குகிற லோடு சங்கிலிக்குத்தான். பிரேக் தட்டில் பட்டால் லோடு வழுக்கி இறங்கிவிடும். இன்னொன்று, ஒருத்தர் இழுத்து வரவில்லை என்று அடுத்தவரும் கை போட்டால் அது உதவி இல்லை, லோடு அதிகம் அல்லது எங்கோ மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

வினை டிராலியில் வந்தது. எங்கள் பீம் ஐஎஸ்எம்பி 200 (200 மில்லி உயர ஐ வடிவ இரும்பு), அதன் ஃபிளாஞ்ச், அதாவது டிராலிச் சக்கரம் ஓடுகிற கீழ்ப்பட்டை, 100 மில்லி அகலம். டிராலியோ 125 மில்லிக்குச் செட் செய்து வந்திருந்தது. வாஷரை உள்ளே வெளியே மாற்றி அகலத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஆனால் பொருத்த வந்தவர் அதைச் செய்யாமல் மாட்டிவிட்டுப் போய்விட்டார், எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் 400 கிலோ ஜாப் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கச் சக்கரம் ஃபிளாஞ்ச் விளிம்புக்கு வந்து டிராலி சாய்ந்தது. கீழே யாரும் இல்லை. மெதுவாக இறக்கி, நாங்களே கழற்றி, பக்கத்துக்கு 2 மில்லி இடைவெளி வருகிற மாதிரி வாஷர் மாற்றினோம். பீம் முனையில் ஸ்டாப்பரும் கிடையாது! தள்ளிக்கொண்டே போனால் டிராலி வெளியே வந்து விழும். ஆங்கிள் வெட்டி போல்ட் போட்டது நாங்கள்தான்.

இந்தப் பயத்தில்தான் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பீமையும் காட்டினேன். 5 மீட்டர் நீளம், இரண்டு முனையும் பழைய செங்கல் சுவரில் உட்கார்ந்திருக்கிறது, 1 டன்னுக்கு மேல் தொங்கவிடாதீர்கள் என்றார். ஆக பிளாக்கில் 2 டன் என்று போட்டிருந்தாலும் எனக்கு 1 டன்தான். பீமில் சிவப்புப் பெயிண்டில் எழுதிவிட்டோம்.

பீமுக்கு நேர் கீழே இல்லாத ஜாபைச் சாய்வாக இழுக்கிற ஆசை மட்டும் பையன்களுக்கு இன்னும் போகவில்லை. அப்புறம், எங்கள் பிளாக்கில் லோடு சங்கிலி இரண்டு மடிப்பு என்பதால் கீழ்க்கொக்கி ஒரு தடவை புரண்டு உள்ளே வந்தாலும் சங்கிலி முறுக்கிக்கொள்ளும், தூக்குவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சங்கிலியையே ஜாபைச் சுற்றிக் கட்டாதீர்கள், ஸ்லிங் (பாரத்தைக் கட்டித் தூக்குகிற பெல்ட் அல்லது கயிறு) எதற்கு இருக்கிறது?

இந்த மாதிரி தூக்குகிற சாதனங்களை வருடம் ஒருமுறை தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்று, 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 29ஆம் பிரிவில் இருந்தது. எங்களை மாதிரி குட்டிப் பட்டறையை யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும் செய்துவிடலாம் என்று விற்றவரைக் கேட்டேன், ஆள் அனுப்புகிறேன் என்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. வேறு ஆளைப் பிடித்துவிட்டேன்.

ஐந்துக்கு, பிளாக்குக்கு ஐந்து, டிராலிக்கு மூன்று, பொருத்திக் கொடுத்த லட்சணத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும், வந்தவர் டீ கூடக் கேட்காமல் போனதற்காக.