மைக்கு முதல் காசு, மெஷினுக்குக் கடைசிக் காசு: பொங்கல் அட்டை செய்ய எதை வாங்கலாம்?

கையால் வாழ்த்து அட்டை செய்யத் தொடங்குகிற எவருக்கும் முதலில் ஆசை வருவது டை கட்டிங் மெஷின் மேல்தான். கைப்பிடியைச் சுற்றினால் போதும், இந்தப் பக்கம் உள்ளே போன காகிதம் அந்தப் பக்கம் பூவும் இலையுமாக வெட்டுப்பட்டு வருகிறது. வீடியோவில் பார்த்தால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? ஆனால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் வட்டாரத்தில் உட்கார்ந்து பொங்கல் அட்டை செய்பவருக்கு நான் சொல்லும் வரிசை வேறு. முதல் காசு மைக்கு. அடுத்தது காகிதத்துக்கு. ஸ்டாம்பை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். மெஷின் கடைசி.

இதற்குப் பாதிக் காரணம் நம் மழைதான். ஜனவரி நடுவில் வரும் பொங்கலுக்கு அட்டை போய்ச் சேர வேண்டுமென்றால், வேலை நடப்பது கார்த்திகையிலும் மார்கழியிலும். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்து, சுவர் வியர்த்து, துவைத்த துணி இரண்டு நாள் கொடியில் கிடக்கும் காலம் அது. ‘சில நிமிடத்தில் காய்ந்துவிடும்’ என்று வெளிநாட்டு வீடியோவில் சொல்வதை இங்கே அப்படியே நம்ப முடியாது.

மை: டையா, பிக்மெண்டா?

ஸ்டாம்பு மையில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. டை மையில் நிறம் கரைந்திருக்கும். அது காகித நாருக்குள் இறங்கிவிடும், சீக்கிரம் காயும். பிக்மெண்ட் மையில் நிறம் நுண்ணிய துகளாக மிதக்கும். அது காகிதத்தின் மேலேயே தங்கும், மெதுவாகக் காயும், பளிச்சென்று தெரியும். இந்த டை மைக்கும் வெட்டுகிற டைக்கும் சம்பந்தமில்லை. ஒன்று சாயம், மற்றது அச்சு. கடையில் கேட்கும்போது ‘டை இங்க்’ என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

மழைக்காலம் என்றால் சீக்கிரம் காயும் டை மைதானே நல்லது என்று தோன்றும். எனக்கும் பாதி சம்மதம்தான். ஆனால் சாதாரண டை மைக்கு இரண்டு எதிரிகள்: வெயிலும் தண்ணீரும். கூடத்து ஜன்னலோரம் செருகி வைத்த அட்டை வெயில் பட்டால் வெளுக்கும். தபால்காரர் பையில் ஒரு சொட்டு மழை பட்டால் கோடு கசியும். பிக்மெண்ட் மை காயத் தாமதமானாலும் காய்ந்த பிறகு நிறம் நிற்கும்.

பெயர் சொல்லியே பேசுவோம். மெமெண்டோ, வெர்சாஃபைன் இரண்டும் சுகினேகோ என்ற ஜப்பான் நிறுவனத்தின் மை. மெமெண்டோ டை வகை. அதில் கோடு பதித்து ஆல்கஹால் மார்க்கரால் வண்ணம் தீட்டினால் கோடு கலையாது, வாட்டர் கலர் பட்டால் கசியும். வெர்சாஃபைன் எண்ணெய் கலந்த பிக்மெண்ட் வகை. இது நேர் எதிர்: காய்ந்த பிறகு தண்ணீருக்கு அசையாது, ஆல்கஹால் மார்க்கருக்கு மட்டும் கலையும். நம் வீட்டில் பிள்ளைகள் கையில் இருப்பது என்ன? பெட்டிக்கடை ஸ்கெட்ச் பேனாவும் வாட்டர் கலரும். இரண்டும் தண்ணீர்ச் சரக்கு. அதனால் ஒரே ஒரு கறுப்பு மை வாங்க முடியும் என்றால் வெர்சாஃபைன் வகையைத்தான் சொல்வேன். பதித்த அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், மின்விசிறி போட்ட அறையில் ஒரு ராத்திரி பரப்பி வைத்துவிட்டு மறுநாள் வண்ணம் தீட்டலாம்.

அலுவலக ஸ்டாம்பு பேடின் ஊதா மை மலிவுதான். ஆனால் சாதாரணக் காகிதத்தில் ஓரம் மயிர்மயிராகப் பரவும். ரசீதுக்கு அது போதும். மாவிலைத் தோரணத்தின் மெல்லிய நரம்பெல்லாம் அதில் ஒன்றாகி, வெறும் கறைதான் மிஞ்சும்.

காகிதத்தை விட்டுவிட்டு மையை மட்டும் ஒப்பிடுவதில் பயனில்லை. ஸ்டேஷனரிக் கடையில் ‘அட்டை கொடுங்கள்’ என்றால் பெரும்பாலும் கையில் வருவது கல்யாணப் பத்திரிகைக்குப் போகும் பளபள ஆர்ட் போர்டு. அதன் மேல்பூச்சு மையை உள்ளே விடாது. பிக்மெண்ட் மை அதில் நாள் கணக்கில் ஈரமாகவே கிடந்து விரலில் ஒட்டும். ஸ்டேஸ்ஆன் போன்ற சால்வெண்ட் மை, அதாவது வேதிக் கரைப்பானில் கலந்த மை, அதில் பிடிக்கும், ஆனால் அதன் நெடியும் துடைக்கும் திரவமும் தனித் தொல்லை. பூச்சில்லாத, வழவழப்பான, 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 250 கிராம் எடை) அளவிலான வெள்ளை அட்டை என்று கேட்டு வாங்குங்கள். புதுச்சேரிக் கைக்காகிதம் கண்ணுக்கு அழகு. அதன் சொரசொரப்பில் நுண்ணிய ஸ்டாம்பு விட்டுவிட்டுத்தான் பதியும். அதை அடி அட்டையாக வைத்து, பதித்த துண்டை மேலே ஒட்டுவது நல்ல வழி.

எம்பாஸிங், அதாவது பதித்ததை மேடாக எழுப்பும் வேலை, செய்ய விரும்புபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மெதுவாகக் காயும் குணம் இங்கே வரமாகிவிடுகிறது. மை ஈரமாக இருக்கும்போதே, சூட்டில் உருகும் எம்பாஸிங் பவுடரைத் தூவி, உதறி, கடும் சூடான காற்று வரும் ஹீட் கன்னால் உருக்கினால் எழுத்து மேடாகப் பொன்னிறத்தில் எழும். தஞ்சாவூர் ஓவியத்தின் தங்க வேலையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது பிடிக்காமல் போகாது. வெர்சாமார்க் போன்ற நிறமற்ற மை இதற்கென்றே வருகிறது. தலை உலர்த்தும் ஹேர் டிரையர் உதவாது. அதில் சூடு போதாது, காற்று பவுடரை ஊதித் தள்ளிவிடும். மழை நாளில் காகிதம் நமுத்திருந்தால் பவுடர் வேண்டாத இடமெல்லாம் ஒட்டும். பதிப்பதற்கு முன்பே காகிதத்தை ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டி, கொஞ்சம் முகப்பவுடர் தடவித் துடைத்துவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

ஸ்டாம்பு: இறக்குமதி செட்டா, சீல் செய்யும் கடையா?

ஆன்லைனில் வரும் கிளியர் ஸ்டாம்பு செட்களின் பெரிய வசதி, கண்ணாடி மாதிரி ஊடே தெரிவது. கைப்பிடியாக உதவும் அக்ரிலிக் பிளாக்கில் (ஊடே தெரியும் பிளாஸ்டிக் கட்டை) ஒட்டி, எங்கே பதிகிறது என்று பார்த்தே வைக்கலாம். ஒரு பூவை மூன்று நிழலில் அடுக்கடுக்காகப் பதிக்கும் வகைக்கு இதுதான் சுலபம். சிவப்பு ரப்பர் ஸ்டாம்பு ஊடே தெரியாது, ஆனால் நுண்கோடு தெளிவாக விழும், சால்வெண்ட் மையையும் தாங்கும், பல வருஷம் உழைக்கும். கிளியர் ஸ்டாம்பு நாளடைவில் மஞ்சளாகும். சித்திரை வெயில் படும் ஜன்னலில் வைத்தால் கெட்டுப்போகும்.

சரி, பொருள் என்ன ஆனாலும் படம் என்று ஒன்று இருக்கிறதே. வெளிநாட்டு செட்களில் பனிமனிதனும் பைன் மரமும் ஏராளம். பொங்கல் பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, ஏர், ஜல்லிக்கட்டுக் காளை? தேடித் தேடிக் கண் பூத்துப்போகும். தமிழ் எழுத்தில் வாழ்த்து வாசகம் அதைவிட அரிது.

நம்மூர் சீல் கடைக்கு வருவோம். கோர்ட்டு வாசலிலும் தாலுகா ஆபீஸ் பக்கத்திலும் இருக்குமே, அதே கடைதான். பல கடைகளில் சீல் செய்வது திரவப் பாலிமரை நெகட்டிவ் ஃபிலிம் வழியாகப் புற ஊதா விளக்கில் காட்டி இறுகவைத்துத்தான். ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் ஃபோட்டோபாலிமர் கிளியர் ஸ்டாம்பும் அடிப்படையில் இதே முறையில் பிறந்ததுதான். சில கடைகளில் லேசரால் ரப்பரைச் செதுக்கித் தருகிறார்கள், அதுவும் நன்றாகவே இருக்கும். கருகிய வாடை போக முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

“எந்த ஆபீசுக்கும்மா?” என்று கேட்பார்கள். பொங்கல் பானைக்கு என்று சொன்னால் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

கொடுக்கும்போது சில விஷயம் கவனிக்க வேண்டும். படம் சுத்தக் கறுப்பு வெள்ளையில் இருக்கட்டும், சாம்பல் நிழல் கூடாது. மயிரிழைக் கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்குங்கள். பானை வயிறு முழுக்கக் கறுப்பாக இருந்தால் திட்டுத்திட்டாகப் பதியும், அதனால் வெளிக்கோடு மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே வண்ணம் தீட்டுவது மேல். மரக் கைப்பிடி வேண்டாம், ரப்பரை மட்டும் கொடுங்கள் என்று கேளுங்கள். அதை டபுள் டேப்பால் அக்ரிலிக் பிளாக்கில் ஒட்டிக்கொள்ளலாம். முக்கியமாக, தானே மை ஊறும் செல்ஃப் இங்க் வகை வேண்டவே வேண்டாம். ஒரே நிறத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஊடே தெரியாத குறைக்கு, பழைய சிடி டப்பா ஒன்று போதும். மூடியின் உள்பக்கம் ஸ்டாம்பை ஒட்டி, அடியில் அட்டையை மூலையோடு அணைத்து வைத்து, மூடியை இறக்கினால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழும். பதிப்பு வெளிறினால் மறுபடி மை போட்டு அதே இடத்தில் இன்னொரு அழுத்து. இதற்கென்று விற்கும் விலையுயர்ந்த கருவியும் இதே கீல் வித்தையைத்தான் செய்கிறது.

துணிக்குப் பதிக்கும் மரக்கட்டை அச்சுகளைப் பொருட்காட்சியில் பார்த்தால் வாங்கத் தோன்றும். மரத்துக்கு நெகிழ்ச்சி கிடையாது. காகிதத்துக்கு அடியில் நாலாக மடித்த துணி போட்டால்தான் முழுதாகப் பதியும். கரைப் பட்டைக்கு அழகு, நடுப்படத்துக்கு வேண்டாம்.

வெட்டுவது: நாலு வழி

மெல்லிய உலோக டையை வைத்துக் கையால் சுற்றும் மெஷின், கம்ப்யூட்டர் சொன்னபடி கத்தி ஓடும் மெஷின், அச்சகம், கத்தரிக்கோல். கத்தரிக்கோலைச் சிரித்து ஒதுக்காதீர்கள். சீல் கடையில் செய்த பானைக்குப் பொருந்தும் டை எங்கும் கிடைக்காது. கோட்டுக்கு வெளியே கொஞ்சம் வெள்ளை விட்டு வெட்டினால் அதுவே ஒரு அழகு.

கைச்சுற்று மெஷினுக்குக் கரண்டு வேண்டாம். மழை நாளில் இது சின்ன விஷயமில்லை. கஷ்டம் அளவில் வருகிறது. அட்டை முகப்புக்கு ஃபிரேம் மாதிரிச் சட்டம் வெட்டும் வெளிநாட்டு டைகள் 4.25க்கு 5.5 அங்குல அட்டையை, அதாவது 108க்கு 140 மில்லிமீட்டரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. நாம் ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் வருவது 105க்கு 148. அகலத்தில் குறைவு, நீளத்தில் அதிகம். 4க்கு 5.25 அங்குலச் சட்டத்தை இதில் ஒட்டினால் பக்கவாட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம்தான் மிஞ்சும், மேலும் கீழும் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும். அளந்து அட்டையை வெட்டிக்கொண்டால் சரியாகிவிடும், ஆனால் அப்புறம் உறையும் தனியாக மடிக்க வேண்டும். நமுத்த காகிதம் நுணுக்கமான டையில் பிசிறடிக்கும், கிழியும். டைக்கும் காகிதத்துக்கும் நடுவே மெழுகுத்தாள் வைத்தால் சுலபமாகக் கழன்று வரும்.

கிரிகட், சில்லவெட் போன்ற கம்ப்யூட்டர் மெஷின்கள் தமிழ் எழுத்தை வெட்டித் தரும், அதுதான் அவற்றின் கவர்ச்சி. ஆனால் தமிழ் எழுத்து துண்டு துண்டாக வரும். ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்று வெட்டிப் பாருங்கள். ங், ல், ழ், த், ள் என்று ஐந்து புள்ளி தனித்தனியே உதிரும், ‘பொ’வின் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு அட்டைக்கும் ஐந்து புள்ளியைக் குச்சியால் எடுத்து ஒட்டுவதற்குப் பெரிய பொறுமை வேண்டும். வடிவமைக்கும்போதே புள்ளியை எழுத்தோடு இணைத்துவிடலாம், அல்லது வாசகத்துக்கு அடியில் ஒரு பட்டை கொடுக்கலாம். என்னைக் கேட்டால் வாசகத்தை ஸ்டாம்பாகச் செய்துவிடுங்கள். அதில் ஒரு புள்ளியும் உதிராது.

பலரும் மறக்கும் வழி அச்சகம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்கள் பலவற்றில் டை கட்டிங்கும் மடிப்புக் கோடு போடும் க்ரீசிங்கும் உண்டு. பலகையில் எஃகுப் பட்டையை வளைத்துப் பதித்து டை செய்வார்கள். பத்து அட்டைக்கு இது கட்டாது. ஒரே வடிவத்தில் நூறு, இருநூறு வேண்டும், விற்கப் போகிறீர்கள் என்றால் கைமெஷினில் தோள் வலிக்கச் சுற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். டையை வாங்கி வைத்துக்கொண்டால் அடுத்த பொங்கலுக்கும் ஆகும். முகூர்த்தப் பத்திரிகை வேலை குவியும் நாளில் போய் நின்றால் மட்டும் உங்கள் அட்டை பின்வரிசைக்குப் போகும். ஐப்பசியிலேயே கொடுத்துவிடுங்கள்.

வெட்டிய துண்டை ஒட்ட வெள்ளைப் பசையைத் தாராளமாகப் பூசினால் ஈரக்காலத்தில் அட்டை அப்பளமாக வளையும். டபுள் டேப் பாதுகாப்பு.

எதைத் தேர்ந்தாலும் கடைசியில் தராசில் வைத்துப் பாருங்கள். தபாலில் கடிதத்துக்கு முதல் படி 20 கிராம். 250 ஜிஎஸ்எம்மில் பாதி ஏ4 அடி அட்டை எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு, முகப்பில் முழுதாக ஒட்டும் அட்டை இன்னொரு நாலு கிராம், அப்புறம் உறை. இதுவரை அடங்கிவிடும். மணி போட்டுக் குலுங்கும் ஷேக்கர் அட்டை, நாலடுக்கு டை கட் என்று போனால் தாண்டிவிடும். உயரமாக ஏதாவது வைத்தே ஆக வேண்டும் என்றால், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலை நம் பக்கத்துச் சரக்கு. குளத்தில் வளரும் செடியின் தண்டு அது, தந்தம் போல வெளுப்பு, எடை இருப்பதே தெரியாது. மெல்லிய சீவலில் ஒரு தாமரை செய்து ஒட்டலாம். ஆனால் அந்த அட்டையைத் தபாலில் போட்டால் முத்திரைக் குத்தில் நசுங்கிவிடும். பக்கத்துத் தெரு அத்தைக்கு நேரில் கொடுப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.