மோட், காஃபேஓபிஜே, காஸ்ல்: ப்ரீபெய்டு மீட்டருக்கு எது?

முன்பணம் கட்டி ஓட்டும் மின் மீட்டரின் வடிவமைப்பைச் சரிபார்க்க எந்த மொழி நல்லது? மூன்றுமே மென்பொருளைச் சமன்பாடுகளால் விவரித்துச் சரிபார்க்கும் மொழிகள், மூன்றும் இலவசம். மோடும் காஃபேஓபிஜேயும் ஓபிஜே என்ற பழைய மொழியின் குடும்பத்துப் பங்காளிகள். ஒன்று அமெரிக்காவிலும் மற்றது ஜப்பானிலும் வளர்ந்தன. காஸ்ல் ஐரோப்பியக் கூட்டு முயற்சி. எழுதும் முறையில் எது அழகு என்ற சண்டைக்குள் போகவில்லை. என் தேர்வு மோட். காரணம் ஒன்றே: மாதிரி, அதாவது அமைப்பைப் பற்றி அந்த மொழியில் நாம் எழுதும் விவரிப்பு, மாறும்போது எது எவ்வளவு வேலை வைக்கிறது என்பது.

எடுத்துக்காட்டுக்குத் தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டுச் சுவரில் தொங்கும் ப்ரீபெய்டு மீட்டரையே எடுத்துக்கொள்வோம். நாம் தட்டும் 20 இலக்க டோக்கனுக்குள் 24 பிட் அடையாள எண் ஒன்று உண்டு. பழைய கணக்கில், 1993 தொடக்கத்திலிருந்து எண்ணினால் டோக்கன் எந்த நிமிடத்தில் உருவானது என்பதுதான் அது. 1,67,77,216 நிமிடங்களில், அதாவது சுமார் 31.9 ஆண்டில், எண் தீர்ந்துவிடும். 2024 நவம்பர் 24-க்குள் மீட்டர்களில் சாவியை (டோக்கனைப் படிக்க மீட்டர் வைத்திருக்கும் ரகசிய எண்ணை) மாற்றும் டோக்கன்களைத் தட்டச் சொன்னது அதனால்தான்.

ஏற்கெனவே ஏற்ற டோக்கன் எண்களை மீட்டர் ஒரு பட்டியலில் வைத்திருக்கிறது. பிந்தைய ஒரு நாளிலிருந்து எண்ணும் புதிய கணக்கில் எண்கள் மறுபடி சிறியவையாகத் தொடங்கும். பட்டியலை அழிக்காமல் சாவியை மட்டும் மாற்றினால், நேற்று வாங்கிய டோக்கனையே 'பழையது' என்று மீட்டர் தள்ளிவிடும். சாவியை மாற்றாமல் பட்டியலை மட்டும் அழித்தால், பழைய ரசீதில் இருக்கும் டோக்கன் மறுபடி யூனிட் ஏற்றும். சாவி மாற்றமோ இரண்டு டோக்கனாகப் பாதி பாதியாக வருகிறது. வடிவமைப்பு வழுக்கும் இடம் இதுதான்.

மோடில் மீட்டரின் நிலையை நான்கு உறுப்பாக எழுதலாம்: சாவி, பட்டியல், வந்த பாதி, வரவு (ஏறிய டோக்கன்கள்). வாங்குதல், உள்ளிடுதல், முதல் பாதி, இரண்டாம் பாதி ஆகியவை நிலையை மாற்றும் நான்கு விதிகள். வரவைச் சேர்ப்பு, பரிமாற்று இரண்டும் கொண்ட (அடைப்பும் வரிசையும் பொருட்டில்லாத) தொகுப்பாக அறிவித்துவிட்டால், 'ஒரே டோக்கன் இருமுறை ஏறிய நிலை உண்டா' என்ற கேள்வியைத் தனியாகச் சார்பு எழுதாமலே கேட்கலாம். வரவில் 'டி டி மீதி' (ஒரே டோக்கன் டி இருமுறை, மற்றவை மீதி) என்ற வடிவத்தைத் தேடச் சொன்னால் போதும். பரிமாற்றுப் பண்பை மட்டும் சமன்பாடாக எழுதிவிடாதீர்கள். இடம் மாற்றி மாற்றி ஓடிக்கொண்டே இருக்கும். அறிவிப்பில் பண்பாகத்தான் தர வேண்டும்.

முதல் பாதி வந்தவுடனே பட்டியலை அழிக்கும்படி விதியைத் தவறாக எழுதிப் பாருங்கள். எட்டக்கூடிய நிலைகளை ஒவ்வொன்றாக ஆராயும் மோடின் தேடல் நான்கே படியில் பிடித்துக் கொடுக்கும்: டோக்கனை வாங்கு, அதை உள்ளிடு, முதல் பாதியை உள்ளிடு, அதே டோக்கனை மறுபடி உள்ளிடு. சாவி இன்னும் பழையது, பட்டியலோ காலி. வழியைக் காட்டச் சொன்னால் ஒவ்வொரு படியிலும் எந்த விதி ஓடியது என்று வரிசையாக வந்துவிடும். கணிதம் தெரியாத சக ஊழியரிடமும் அதை அப்படியே நீட்டலாம்.

அடையாள எண்ணை 24 பிட்டாகவே வைத்தால் நிலைகள் பெருகி நினைவகம் நிரம்பும். நான்கோ எட்டோ வந்ததும் சுற்றிக்கொள்ளும் எண்ணாகச் சுருக்குங்கள், டோக்கன் மூன்று போதும். எண் சுற்றுவதுதான் இங்கே சிக்கல், அதன் அளவு அல்ல.

இனிப் பராமரிப்பு. இரண்டு பாதிக்கும் நடுவில் லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்து, மீட்டர் முதல் பாதியை மறந்துவிட்டால்? நம் ஊரில் கேட்டே தீர வேண்டிய கேள்வி. மோடில் ஒரு விதி சேர்த்து அதே தேடலை மறுபடி ஓட்டினால் முடிந்தது. காஃபேஓபிஜேயில் நிரூபணத்தை நாமே தொகுத்தறிதல் முறையில் (தொடக்க நிலையில் சரி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சரி என்று காட்டி) எழுதுகிறோம். முக்கியப் பண்பு ஒன்று, அதைத் தாங்கத் துணைத் தேற்றம் மூன்று என்று வைத்துக்கொண்டால், நான்கு மாற்றங்களுக்குப் பதினாறு கட்டம், தொடக்க நிலைக்கு நான்கு, ஆக இருபது. மின்வெட்டைச் சேர்த்தால் இன்னும் நான்கு. அதில் 'உள்ளிடு' போன்ற கட்டம் சாவி பொருந்துமா, எண் பட்டியலில் உண்டா என்று உள்ளுக்குள்ளேயே கிளை பிரியும். நிலையில் புதிய உறுப்பு ஒன்று வந்தால் பழைய கட்டங்களையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். தேவைகள் வாரா வாரம் மாறும் திட்டத்தில் இதைத் தாங்க முடியாது. நிரூபணம் பின்தங்கும், பிறகு யாரும் அதை ஓட்டவே மாட்டார்கள்.

கையால் எழுதும் அந்த நிரூபணத்தில் ஒரு கிளையை விட்டுவிட்டாலும் கருவி வாய் திறக்காது என்பது அடுத்த தொல்லை. இரட்டைச் சமக்குறியோ (==) அதைவிட மோசம். பெயர் மட்டும் கொடுத்த இரண்டு மாறிலிகளை அதால் ஒப்பிட்டால், வடிவம் வேறு என்பதற்காகவே 'பொய்' என்று விடை தரும். அவை சமமாக இருக்கக்கூடிய கிளை சத்தமில்லாமல் காணாமல் போய், நிரூபணம் வென்றதுபோல் தெரியும். ஒற்றைச் சமக்குறியை (=) வைத்து, சமம், சமமல்ல என்று இரண்டு கிளையாகப் பிரிப்பதே பாதுகாப்பு.

காஸ்லைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். சிறு பயிற்சிகளைத் தாண்டி அதில் எனக்குப் பழக்கமில்லை. பகுதி வரையறை கொண்ட (சில உள்ளீடுகளுக்கு விடை இல்லாத) சார்புகளும், விவரக்குறிப்புகளைத் துண்டு துண்டாகக் கோக்கும் வசதியும் அதில் நன்றாக உள்ளன. ஹெட்ஸ் என்ற கருவி நிரூபண வேலையை இசபெல், ஸ்பாஸ் போன்ற வெளிக் கருவிகளிடம் அனுப்பும். ஆனால் மீட்டர் போலப் படிப்படியாக நகரும் அமைப்புக்கு, நிலை மாற்றத்தை நாமே சார்புகளாகக் கட்ட வேண்டும்.

மோடின் குறையையும் சொல்ல வேண்டும். மூன்று டோக்கனுக்குத் தீர்வில்லை (தேடிய பிழை நிலை கிடைக்கவில்லை) என்று தேடல் சொன்னால், மூன்றுக்குத்தான் உறுதி. ஆழ வரம்பு வைத்துத் தேடினால் அந்த ஆழம் வரைக்கும்தான். எத்தனை டோக்கனுக்கும் பொருந்தும் நிரூபணம் கேட்டால் காஃபேஓபிஜே போன்ற நிரூபண முறைக்குப் போக வேண்டும். வடிவமைப்பு உறைந்த பிறகு, முக்கியப் பண்பு ஒன்றுக்கு மட்டும்.

இன்னொரு பொறி: நிலையையே மாற்றி எழுதும் சமன்பாடு வைத்தால், விதி ஓடுவதற்கு முன்பே அது ஓடிவிடும். விதியின் இடப்பக்கம் எதற்கும் பொருந்தாமல் போகும், தேடல் 'தீர்வில்லை' என்று நிம்மதியாகச் சொல்லும். ஆகவே சமன்பாடுகளைப் பட்டியலில் தேடுவது போன்ற தரவு வேலைக்கு மட்டும் வையுங்கள். பிழையைத் தேடும் முன், நடக்க வேண்டியது நடக்கிறதா என்றும் ஒரு தேடல் போடுங்கள்: சாவி மாறி, புதிய டோக்கன் ஏறிய நிலை. அதுவே கிடைக்கவில்லை என்றால் மாதிரியில்தான் ஓட்டை.