அந்த 500-ம் இந்த 500-ம்: எஃப்-150 பிக்கப்பா, 1970 ஷெவெல்லா?

ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பை இரட்டை டர்போ வைத்த 3.5 லிட்டர் ஈக்கோபூஸ்ட் எஞ்சினோடு வாங்கினால் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் முறுக்கு விசை, 500 பவுண்டு-அடி. 1970 ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 454-இல் எல்எஸ்6 என்ற ரக எஞ்சின் போட்டு வந்த காருக்கும் கம்பெனி சொன்ன கணக்கு அதே 500. இங்கே ஆறு சிலிண்டர். அங்கே எட்டு சிலிண்டர், 7.4 லிட்டர், தலையில் ஒரு பெரிய ஹோலி கார்புரேட்டர்.

இரண்டையும் அப்படியே தராசில் வைக்க முடியாது. அந்தக் காலத்தில் எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றி, ஏர் கிளீனர், சைலென்சர் என்ற தொல்லை எதுவும் இல்லாமல் அளந்த எண்ணைத்தான் விளம்பரத்தில் போட்டார்கள். எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் முறை அமெரிக்காவில் 1972 வாக்கில்தான் நிலைத்தது. அதனால் ஷெவெலின் 450 குதிரைத்திறனைக் காட்டி, பிக்கப் டிரக்குக்கு 400-தானே என்று வாதாடினால் செல்லாது.

கால் மைல் ஓட்டத்தில் ஷெவெல் 13 விநாடி சொச்சம், டிரக் 14-ஐ ஒட்டி. இத்தனைக்கும் டிரக் பல நூறு கிலோ கூடுதல் கனம். அதன் 10 கியர் பெட்டிதான் அந்தக் கனத்தை மறைக்கிறது. அதை ஃபோர்டு உருவாக்கியது ஷெவர்லேயின் தாய்க் கம்பெனி ஜிஎம்மோடு கூட்டு சேர்ந்து. வாசலில் பங்காளிச் சண்டை, கொல்லையில் கூட்டு விவசாயம்!

பிரேக் என்று வந்தால் பேச்சே இல்லை, டிரக்தான். ஷெவெலுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், 14 அங்குல வீல். ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. வேலைக்கும் டிரக்தான். ஹைபிரிட் ரகத்தின் பின்தொட்டியில் பிளக் பாயிண்ட் வைத்து 7.2 கிலோவாட் வரை கரண்டு தருகிறார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனியில் ஊரே இருண்டபோது, அதில் ஒயர் இழுத்து வீட்டுக்குக் கரண்டு எடுத்தவர்கள் உண்டு.

சரி, ஷெவெலிடம் என்னதான் இருக்கிறது? காலையில் ஆக்சிலேட்டரை ஒருமுறை முழுக்க மிதித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் சோக் மூடும். எஞ்சின் இருமும், வண்டி முழுக்கக் குலுங்கும், பெட்ரோல் வாசம் உள்ளே வரும். கௌல் இண்டக்‌ஷன் பானட் இருந்தால், அழுத்தி மிதிக்கும்போது கண்ணாடிக்கு முன்னால் ஒரு சின்ன மூடி வாயைத் திறந்து காற்றை விழுங்கும். ஓட்டுபவர் சீட்டில் உட்கார்ந்தபடியே அதைப் பார்க்கலாம். டிரக்கில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. ஈக்கோபூஸ்ட் எஃப்-150-களில் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாகக் கூட்டிக் கேட்கவைத்தார்கள் என்பதே இதற்குச் சாட்சி.

வாங்குவதில்தான் வம்பு. அசல் எல்எஸ்6 ஏலத்தில் லட்சம் டாலரைத் தாண்டும்; போலிகளும் ஏராளம். 1970 ஷெவெலின் வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை, பார்த்தால் எட்டு சிலிண்டரா என்பது தெரியும், எல்எஸ்6-ஆ என்பது தெரியாது. வண்டியில் என்னென்ன பூட்ட வேண்டும் என்று எழுதி ஆலையில் ஒட்டிய பில்ட் ஷீட் பெட்ரோல் டேங்கின் மேலோ சீட்டுக்கு அடியிலோ கிடைத்தால் அதிர்ஷ்டம்.

தினமும் ஓட்ட, இழுக்க, குடும்பத்தை ஏற்ற என்றால் யோசிக்காமல் எஃப்-150. ஆனால் என் கண் மூன்றாவது ஒன்றின் மேல்: அதே 1970-இல் அதே எல்எஸ்6 எஞ்சினோடு ஷெவர்லே விற்ற எல் கமினோ. முன்னால் ஷெவெல் முகம், பின்னால் சரக்குத் தொட்டி.