மூன்று தலைமுறை வழக்கறிஞர் நிறுவனம்: எங்கள் குடும்பத்தின் நீண்டகால அனுபவம்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மேல்தளத்தில் இயங்கும் சிறிய வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றுதான் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தின் சட்ட வேலைகளைக் கவனித்து வருகிறது. அதை இப்போது நடத்துபவர், தொடங்கியவரின் பேத்தி. உயில், சொத்து போன்ற காரியங்களுக்கு இத்தகைய குடும்ப நிறுவனத்தை நம்பலாமா என்று உறவினர்கள் அடிக்கடி கேட்பதால், நாங்கள் கண்டதை இங்கே எழுதுகிறேன். விளம்பரமாகிவிடக் கூடாது என்பதற்காகப் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

எங்கள் கோப்புகளை அவர்கள் வெறுமனே அடுக்கி வைப்பதில்லை, எடுத்துப் படிக்கிறார்கள். என் தம்பியின் திருமணத்திற்கு அழைப்பிதழ் கொடுக்கப் போனபோது, அவன் முன்பு எழுதிய உயில் திருமணத்தோடு செல்லாமல் போகும் என்றும், மத்திய சேமநிதிப் பணம் தனக்குப் பின் யாருக்குப் போக வேண்டும் என்று குறித்துவைத்த நியமனமும் அப்படியே ரத்தாகும் என்றும் வழக்கறிஞர் அங்கேயே நினைவூட்டினார். மணவிலக்கு அப்படியல்ல என்பதையும் அவரே விளக்கினார்: மணவிலக்குப் பெற்றாலும் பழைய உயிலும் நியமனமும் தாமாக ரத்தாவதில்லை. இதைத் தெரிந்துகொள்ளாத குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு.

அப்பா காலமானபோது நாங்கள் எல்லாவற்றையும் அவர்களிடமே ஒப்படைக்கத் தயாராக இருந்தோம். அவர்களோ வேலையைக் குறைத்தே காட்டினார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு அம்மாவோடு கூட்டுரிமையில் இருந்ததால் அது உயிலுக்குள் வராமல் நேரே அம்மாவுக்குச் சேரும். சேமநிதிப் பணம் நியமனத்தில் உள்ளவர்களுக்குப் போகும். அப்பாவின் தனிப் பெயரில் இருந்த வங்கிக் கணக்குக்கும் கடைப் பங்குக்கும் மட்டுமே உயிலை நீதிமன்றத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று சொல்லி, அந்த ஒரு வேலைக்கு மட்டும் எழுத்தில் கட்டணம் குறித்தார்கள். உயில் இல்லாதிருந்தால் சட்டப்படி பாதி அம்மாவுக்கும் மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் போயிருக்கும். அந்த விதி முஸ்லிம்களுக்குப் பொருந்தாது என்பதால், எங்கள் பக்கத்து வீட்டுத் தமிழ் முஸ்லிம் குடும்பத்தை முதலில் ஷரியா நீதிமன்றத்தில் வாரிசுச் சான்றிதழ் பெறும்படி இதே அலுவலகம்தான் வழிகாட்டியது.

ஊர் நிலம் தொடர்பான தாள்களில் அவர்களுடைய பழக்கம் பெரிதும் கைகொடுத்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்து நிலத்தைக் கவனிக்க அங்குள்ள உறவினருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டுமானால், முன்பெல்லாம் நோட்டரி கையொப்பத்திற்குப் பிறகும் இந்தியத் தூதரகம் வரை அலைய வேண்டியிருந்தது. 2021 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூரிலும் அப்போஸ்டில் நடைமுறை, அதாவது ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும்படி ஒரே சான்று அளிக்கும் முறை, வந்துவிட்டதால், சிங்கப்பூர் சட்டக் கழகத்தின் (Singapore Academy of Law) அப்போஸ்டில் முத்திரையே போதும். பத்திரம் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதை உறை மீதே தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் நிலத்தின் மீதான உரிமை பற்றிக் கேட்டபோது, அது இந்தியச் சட்டத்தின் பாற்பட்டது, தஞ்சாவூரிலேயே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தெளிவை நான் மதிக்கிறேன்.

அம்மாவின் நீடித்த அதிகாரப் பத்திரத்திற்கு (பின்னாளில் மனத்திறன் குறைந்தால் தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் பத்திரம்) போன நாளில், அம்மாவின் சார்பில் செயல்படப் போகிறவன் நான் என்பதால் என்னை வெளியே உட்காரச் சொன்னார் வழக்கறிஞர். "ஆன்ட்டி, உங்க மகன் சொன்னதுக்காகக் கையெழுத்துப் போட வேணாம், உங்களுக்கு என்ன விருப்பம்னு எங்கிட்டச் சொல்லுங்க" என்று கேட்டதாக அம்மா பிறகு சொன்னார். நிறுவனத்தைத் தொடங்கிய தம் தாத்தாவைப் போலச் சரளமான தமிழ் இந்தப் பேத்திக்கு இல்லை. சட்டச் சொற்களில் தடுமாறுகிறார். இருந்தும் அம்மா தன் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லும் வரை அவர் அடுத்த பத்திக்குப் போகவில்லை. ஆங்கிலம் அறியாதவரின் உயிலில், அது தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்ற குறிப்பையும் சேர்க்கிறார்கள்.

குடும்ப நிறுவனம் என்றால் எல்லோருக்கும் வேண்டியவர். அப்படி எல்லோருக்கும் வேண்டியவர், வாடிக்கையாளர் குடும்பத்துக்குள்ளேயே சச்சரவு வந்தால் என்ன செய்வார்? எங்களுக்கு அது வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திய மளிகைக் கடையின் கூட்டாண்மை ஒப்பந்தத்தை எழுதியதே இந்த நிறுவனம்தான். மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் கூட்டாளி ஒருவரின் மறைவோடு கூட்டாண்மை கலைகிறது என்பது சட்டம்; எங்கள் ஒப்பந்தத்தில் அதற்கு மாறான விதி இருந்தும், அப்பாவின் பங்குக்கு என்ன விலை என்பதில் நாங்களும் சித்தப்பாவும் உடன்படவில்லை. இருவருமே அந்த வழக்கறிஞரைத்தான் தேடிப் போனோம். ஒரே விவகாரத்தில் எதிரெதிராக நிற்பவர்களுக்காக ஒருவரே செயல்படுவதைத் தொழில் நடத்தை விதிகள் அனுமதிப்பதில்லை என்று விளக்கி, எந்தப் பக்கமும் வர மாட்டேன் என்று இரு தரப்புக்கும் கடிதம் எழுதினார். "மூணு தலைமுறையாப் பழகிட்டு இப்படிக் கைவிடலாமா" என்று சித்தப்பா வருந்தினார். எனக்கும் அப்போது மனம் கசந்தது. ஆனால் அவர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், தாத்தா காலத்திலிருந்து அந்த அலமாரியில் சேர்ந்துகிடக்கும் எங்கள் இரு வீட்டு ரகசியங்களும் ஒருவருக்கு எதிராக மற்றவர் கையில் ஆயுதமாகியிருக்கும். வேறு வேறு வழக்கறிஞர்களை வைத்து, சிங்கப்பூர் சமரச நிலையத்தில் பேசித் தீர்த்துக்கொண்டோம். சித்தப்பாவின் புதிய உயில் மீண்டும் இதே அலுவலகத்தில்தான் எழுதப்பட்டது.

குறைகளும் உண்டு. அவர் விடுப்பில் போனால் வேலை நின்றுவிடுகிறது. மின்னஞ்சலுக்கு மறுமொழி தாமதமாகவே வரும். குற்ற வழக்குகளையும் சிக்கலான நிறுவன வழக்குகளையும் அவர்கள் எடுப்பதில்லை. அவசரமான காரியத்திற்கு நான் அங்கே போக மாட்டேன். உயில், அதிகாரப் பத்திரம், ஊருக்கு அனுப்பும் தாள்கள் ஆகியவற்றுக்குப் போவேன். போகிறவர்கள் முதல் சந்திப்பிலேயே, தங்கள் உறவினர் எவருக்கேனும் அவர்கள் ஏற்கெனவே வேலை செய்கிறார்களா, பிணக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.