பால் ஆலையில் மறுபயன்பாடு: ஆவிநீரா, கழுவுநீரா?

ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரியை மேலேற்றிக் குடிக்கும் பெங்களூரில், பால் ஆலைகளில் பணியாற்றும் நம்மவர்கள் நீரின் மறுபயன்பாட்டுக்கு இரு வழிகளை எடைபோடுகிறார்கள்.

முதலாவது, பால்பவுடருக்காகப் பாலைச் சுண்டவைக்கும் ஆவியாக்கியில் குளிர்ந்து சேரும் நீர். பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீரே என்பதால் அளவுக்குக் குறைவில்லை. சூடாகவே வருவதால், கொதிகலனுக்கு அனுப்பினால் எரிபொருளும் மிச்சம். கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது: எளிதில் ஆவியாகும் கரிமப் பொருள்களும், சில வேளைகளில் நுரையோடு தப்பி வந்த பால் திவலைகளும் அதில் கலந்திருக்கும் என்பதால், ஆர்.ஓ. சவ்வும் புற ஊதா விளக்கும் தேவைப்படும்.

இரண்டாவது, தொட்டிகளையும் குழாய்களையும் காஸ்டிக் சோடா, நைட்ரிக் அமிலம் ஆகியவற்றால் கழுவி வெளியேறும் நீர். இதில் கொழுப்பை முதலில் மிதக்கவைத்து வழித்தெடுத்து, நுண்ணுயிர்த் தொட்டியில் எஞ்சியதைச் சிதைக்கவிட்டு, அதன் பிறகே சவ்வுக்கு அனுப்ப முடியும். கொழுப்பு தப்பினால் சவ்வு அடைத்துக்கொள்ளும். குளிர்கோபுரத்துக்கும் தோட்டத்துக்கும் இது போதும். பால் தொடும் பாத்திரத்துக்கு நான் விடமாட்டேன்.

பவுடர் பிரிவு இருந்தால் முதலாவதே என் தேர்வு. பாக்கெட் பால் மட்டும் நிரப்பும் ஆலையிலோ ஆவியாக்கியே இராது; அங்கே இரண்டாவதுதான் வழி.